ஒன்றா, ஏழா

சென்ற மாதம் ஆவடியில் ஒரு வங்கிக் கிளையில் படிவம் ஒன்றைப் பேனாவால் நிரப்பிக் கொடுத்தேன். அங்கிருந்த பெண் அதை ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் கவிழ்த்து வைத்தாள். என் பெயரும் முகவரியும் பிறந்த தேதியும் திரையில் அச்செழுத்தாக வந்து நின்றன. யாரும் எதையும் தட்டச்சு செய்யவில்லை.

“கையெழுத்தக்கூட அதுவே படிச்சிக்குதாம்மா?”

“படிச்சிக்கும் ஆன்ட்டி. நாங்க பாத்துட்டு ஓகே மட்டும் குடுப்போம்.”

திரையில் இருந்த எண்களை நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன. பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதே வேலையை நாங்கள் கண்ணாலும் பத்து விரல்களாலும் செய்தோம். அதைப் பற்றி எழுதச் சொல்லி, என்னோடு வேலை பார்த்த பெண்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லாவற்றையும் எழுத இயலாது. ஒரு கட்டு அட்டைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது எண்பதுகளின் கடைசியில். அப்பா ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். பட்டாபிராமில் வீடு. தட்டச்சில் ஹையர் முடித்திருந்தேன். ஆங்கிலத்தில் பேசச் சொன்னால் வியர்க்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மண்ணூர்பேட்டை பக்கமாக ஒரு கட்டடம். கீழ்த்தளத்தில் போல்ட் செய்யும் பட்டறை, மேல்தளத்தில் எங்கள் கம்பெனி. படியேறும்போது சூடான எண்ணெய் வாடை அடிக்கும். கதவைத் திறந்தால் ஏசி குளிர் முகத்தில் அறையும். அந்தக் குளிர் எங்களுக்காக அல்ல, இயந்திரங்களுக்காக. சித்திரை மாதத்திலும் நாற்பது பெண்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பயிற்சி மூன்று வாரம். நான்காவது வாரம் நாற்காலி கொடுத்துவிட்டார்கள்.

கதவுக்கு வெளியே செருப்பு அடுக்கும் பலகை. அதற்கு மேல் சுவரில் வரிசையாக ஆணிகள். பூவிதழ் கீபோர்டுக்குள் விழுகிறது என்று உள்ளே பூ வைத்துக்கொண்டு போகக்கூடாது. அவரவர் சரத்தை அவரவர் ஆணியில் மாட்டிவிட்டுப் போவோம். கண்ணாடி வளையல் சத்தம் செய்யும் என்பதால் அதைக் கழற்றி டிபன் பாக்ஸ் மூடியில் வைப்போம். ஷிப்டு முடிந்து வெளியே வந்தால் நாற்பது சரங்களும் ஒன்றாக மணக்கும். வேறெந்த அலுவலகத்தின் வாசலிலும் நான் அந்த மணத்தைக் கண்டதில்லை.

அதே பேட்டையில் இரண்டு தெரு தள்ளி ஆயத்த ஆடை தைக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனிகள் இருந்தன. அங்கே வேலை செய்கிற பெண்களும் நாங்களும் ரயிலிறங்கி ஒரே பஸ்ஸில்தான் வருவோம், ஒரே மாதிரி வாயில் புடவைதான் கட்டுவோம். வித்தியாசம் கழுத்தில் இருந்தது. அடையாள அட்டையை நாங்கள் புடவைக்கு மேலே தெரியும்படி விட்டுக்கொள்வோம். கண்டக்டர்கூட எங்களை “மேடம்” என்பார், அவர்களை “ஏம்மா” என்பார். அப்போது அது எங்களுக்கு இனித்தது என்பதை மறைக்க மாட்டேன்.

எங்கள் மேலாளர் சாரங்கன் சார். ஐம்பது வயது, மெல்லிய குரல். பத்தொன்பது வயதுப் பெண்ணையும் “அம்மா” என்றுதான் கூப்பிடுவார். காலையில் எங்களுக்கு முன்பே வந்து ஒவ்வொரு கீபோர்டிலும் ஆள்காட்டி விரலை இழுத்துத் தூசு பார்ப்பார். கோபம் வந்தால் கத்த மாட்டார், பென்சில் சீவுவார். பெண்கள் நிற்கும்போது தாமும் நிற்பார். ஆனால் எங்களை உட்காரச் சொல்லவும் மாட்டார்.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. கான்வென்டில் படித்த இரண்டு பெண்களை வெளிநாட்டுக்குக் கடிதம் எழுத முன்னறையில் வைத்திருந்தார். தட்டச்சுக் கூடத்துக்கு முத்தாபுதுப்பேட்டை, திருநின்றவூர், பூந்தமல்லி என்று தமிழ் வழியில் படித்த பெண்களாகவே எடுப்பார். “மொழி தெரிஞ்சவங்க ஊகிப்பாங்கம்மா. உங்களுக்குத் தெரியாது, அதனால உள்ளத உள்ளபடி அடிப்பீங்க. படிக்காதீங்க, பாருங்க.” இதில் பாராட்டு எவ்வளவு, அவமானம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்குப் பல வருடம் ஆயிற்று.

வேலை செய்யும் முறையைச் சொல்லவேண்டும். ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கையால் எழுதிய அட்டைகளின் நகல்கள் விமானத்தில் கட்டுக்கட்டாக வரும். ஒரே கட்டை இரண்டு பேர் தனித்தனியாக அடிக்க வேண்டும். முதலாமவர் அடித்ததை இரண்டாமவர் பார்க்கக்கூடாது. ஒரே ஷிப்டில்கூட உட்காரக்கூடாது. பிறகு கம்ப்யூட்டர் இரண்டு கோப்புகளையும் ஒப்பிட்டு, எங்கெல்லாம் மாறுபடுகிறதோ அதைப் பட்டியலாக அச்சிடும். அந்த இடங்களை மட்டும் அட்டையோடு பார்த்துத் திருத்துவோம். இரண்டு பேர் தனித்தனியாக ஒரே இடத்தில் ஒரே தவற்றைச் செய்ய மாட்டார்கள் என்பதுதான் இதன் அடிப்படை.

எழுத்து புரியாவிட்டால் கொயரி சீட்டு. கேள்வியை எழுதி மேற்பார்வையாளரிடம் நீட்ட வேண்டும். அவர் பதில் எழுதித் திருப்பிக் கொடுப்பார். அவருக்கும் தெரியாவிட்டால் வெளிநாட்டுக்கு ஃபேக்ஸ் போகும். மூன்றாவது வருடம் அந்த மேற்பார்வை நாற்காலி எனக்கு வந்தது. கார்பன் வைத்த சீட்டுப் புத்தகம் ஒன்றை நானே ஏற்பாடு செய்தேன். மேல்தாள் கேட்டவரிடம் போகும், கார்பன் நகல் என் இழுப்பறையில் இருக்கும். யாரும் என்னிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. தேதி, கட்டு எண், அட்டை எண், கேள்வி, பதில், மேரி என்பதற்கு என் சுருக்கொப்பம் ‘மே’ என்று எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்திருப்பது என் சுபாவம்.

நான் அந்த நாற்காலிக்கு வந்த பிறகு ஃபேக்ஸ்கள் குறைந்தன. சாரங்கன் சார் எல்லோர் முன்னிலும் அதைச் சொல்லிப் பாராட்டினார். அடுத்து ஷிப்டு இன்சார்ஜ் பதவி எனக்குத்தான் என்று முடிவாயிற்று. அதுவரை அந்தப் பதவியில் பெண் யாரும் இருந்ததில்லை. உத்தரவு தட்டச்சாகி அவர் மேசைக்குள் இருந்தது. அடுத்த திங்கட்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தார். அம்மா அதற்குள் மாதா கோயிலில் நன்றிப் பூசைக்குப் பெயர் கொடுத்துவிட்டார்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை ஃபேக்ஸ் வந்தது. இரண்டு மாதத்துக்கு முன் நாங்கள் அடித்து அனுப்பிய கம்ப்யூட்டர் டேப்பில், ஒரு மருத்துவமனையின் பழைய நோயாளி அட்டைகள் இருந்தன. பிறந்த ஆண்டுக் கட்டத்தில் ‘19’ அச்சாகவே இருக்கும், கடைசி இரண்டு எண்களை மட்டும் கையால் எழுதியிருப்பார்கள். ஒரு கட்டில் ஏறக்குறைய முந்நூறு அட்டைகளில் 1 எல்லாம் 7 ஆகியிருந்தது. 1911இல் பிறந்த கிழவிகளை நாங்கள் 1977இல் பிறந்த பள்ளிப் பிள்ளைகளாக்கிவிட்டோம்.

தவறு நடப்பது உண்டு. ஆனால் இரண்டு பேரும் முந்நூறு இடத்திலும் ஒரே தவற்றைச் செய்திருந்தார்கள். ஒப்பிடும் பட்டியலில் அந்த முந்நூறில் ஒன்றுகூட வந்திருக்கவில்லை.

முதலில் அடித்தவள் முத்தாபுதுப்பேட்டை தேவகி. இரண்டாவதாக, மறுநாள் காலை ஷிப்டில் அடித்தவள் ஜெயந்தி. ஜெயந்தி மண்ணூர்பேட்டைக்காரி, பேட்டை வருவதற்கு முன்பே அங்கே பயிர் செய்த குடும்பம். “இந்த போல்ட்டு பட்டறை கீற எடம் எங்க கேவரகு கொல்லதான்க்கா” என்று சிரிப்பாள். அவளுடைய அக்கா விஜயா எக்ஸ்போர்ட் கம்பெனியில் காஜா போட்டாள். ஜெயந்திக்குக் குத்தம்பாக்கத்தில் ஒரு மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது.

சாரங்கன் சார் எங்கள் மூவரையும் அறைக்குக் கூப்பிட்டார். பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

“ரெண்டு பேர் ஒரே பள்ளத்துல விழலாம்மா. முந்நூறு பள்ளத்துலயும் கை கோத்துக்கிட்டு விழ முடியுமா?”

“சார், நான் காப்பி அடிக்கல சார்” என்றாள் ஜெயந்தி.

“தேவகியோட ஃப்ளாப்பி அன்னிக்குக் காலைல அலமாரியிலதான் இருந்தது. சாவி ஆணியில இருந்தது.”

“மத்த எடத்துல வித்தியாசம் வந்திருக்கே சார்” என்றேன் நான்.

“மறைக்கத் தெரிஞ்சவங்க நாலு எடத்த மாத்தித்தான் வைப்பாங்க. முன்னாடி இருந்த கம்பெனில பாத்திருக்கேன்.” பென்சில் முனையை ஊதினார். “சனிக்கிழமை வரைக்கும் டைம். உண்மையச் சொன்னா தானா வேலைய விட்டதா எழுதிக்கலாம். இல்லைன்னா காரணத்த எழுதி அனுப்ப வேண்டியிருக்கும். அப்புறம் இந்தப் பேட்டைல எந்த கம்ப்யூட்டர் கம்பெனியும் உள்ள விடாதும்மா.”

ஜெயந்தி என்னைப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்றே அப்போது நினைத்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் தேவகி தன் டிபன் பாக்ஸைத் திறக்கவேயில்லை. அவளும் ஜெயந்தியும் தினமும் குழம்பை மாற்றிக்கொள்கிறவர்கள்.

“இன்னாடி, அன்னிக்கி ஒடம்பு சரியில்லன்னு சொல்லிக்கினு இருந்தியே. அசதில எடுத்துட்டியா? என் கைலயாவது சொல்லிடு” என்றாள் தேவகி.

“உன் ஃபைல எடுத்து நான் இன்னா பண்ணப்போறேன்? உன்னவுட நான் ஸ்பீடுடி.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். தேவகி சிரிக்கவில்லை.

“அப்ப முந்நூறும் எப்டிடி ஒண்ணா கீது?”

“எனக்கு இன்னா தெரியும்? ஏழு மாதிரி இருந்திச்சி, ஏழு அட்ச்சேன். நீ மட்டும் இன்னா, ஒண்ணா அட்ச்ச?”

“என்னுதத்தானே நீ...”

“சொல்லு. முட்ச்சி சொல்லு.” ஜெயந்தி எழுந்து கை கழுவப் போனாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. அன்றிலிருந்து இருவரும் தனித்தனி மூலையில் சாப்பிட்டார்கள்.

வியாழக்கிழமை மதியம் நான் என் இழுப்பறையைத் திறந்து கார்பன் புத்தகத்தை எடுத்தேன். ஜெயந்திக்கு உதவியாக ஏதாவது கிடைக்கும் என்றுதான் எடுத்தேன், அது சத்தியம். அந்தக் கட்டு எண்ணைத் தேடினேன். இரண்டு சீட்டுகள் இருந்தன. முதல் நாள் தேவகி எழுதியது: “பிறந்த ஆண்டு. 1? 7?” கீழே என் எழுத்தில்: “7. மே.” மறுநாள் ஜெயந்தி எழுதியது, வேறொரு அட்டையைப் பற்றி: “இது ஒன்றா ஏழா?” கீழே: “7. மே.”

அட்டைகளின் நகலை எடுத்துப் பார்த்தேன். அந்த ஊர் எழுத்தர் 1க்கு மேலே நீளமாக ஒரு கூரை போடுவார்; 7க்கு நடுவில் ஒரு குறுக்குக்கோடு. நாம் பள்ளியில் கற்ற 1 ஒரு குச்சி. கூரை வைத்தது எதுவும் நமக்கு 7. அந்த இரண்டு பெண்களும் சந்தேகப்பட்டார்கள். பார்த்தார்கள், நின்றார்கள், கேட்டார்கள். ஊகித்தவள் நான்தான்; என் பதிலை வைத்தே அந்தக் கட்டு முழுவதையும் அடித்திருக்கிறார்கள். பதில் சொல்ல நான்கு வினாடி எடுத்திருப்பேனா என்பதுகூட ஐயம். ஃபேக்ஸ் அனுப்பியிருக்கலாம். ஃபேக்ஸ் குறைவு என்பதற்காகத்தான் எனக்குப் பாராட்டு.

அவர்களுக்கு ஏன் நினைவில்லை என்று கேட்கலாம். ஒரு நாளைக்கு ஒவ்வொருத்தியும் இருபது சீட்டு நீட்டுவாள். பதிலைப் பார்த்ததும் மேல்தாளைக் கிழித்துப்போடுவாள். இரண்டு மாதத்தில் அவர்கள் கண்முன் ஆயிரக்கணக்கான அட்டைகள் போயிருந்தன.

புத்தகத்தை மூடி இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். அன்றைய நாட்குறிப்பில் வெயில் அதிகம் என்றும், பட்டரவாக்கத்தில் ரயில் பதினைந்து நிமிடம் தாமதம் என்றும் எழுதியிருக்கிறேன். வேறொன்றும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் விஜயா எங்கள் வாசலுக்கு வந்தாள். அவளுக்கு அரை மணி நேரம்தான் சாப்பாட்டு இடைவேளை, ஓடி வந்திருந்தாள். தலையிலும் தோளிலும் பஞ்சுத் தூசி.

“மேரி அக்கா நீங்கதான? ஜெயந்தி ஊட்ல சோறே துன்ன மாட்டேங்குது. வேல போனா போவுது, நான் எங்க கம்பெனிக்கே இட்டுக்கினு போயிடுவேன். ஆனா மாப்ள ஊட்ல இன்னாக்கா சொல்றது? கம்ப்யூட்டர் பொண்ணுன்னுதான் கேட்டு வந்தாங்க. எங்கள மாதிரி ஆளுன்னா வந்திருக்கவே மாட்டாங்க. அதுவும் திருடிட்டுப் போயிட்டான்னு சொன்னா...” மூச்சு வாங்கினாள். “நீங்க சொன்னா சார் கேப்பாராமே.”

“பாக்கறேன்” என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு ஓடினாள். என் அடையாள அட்டையில் ஒரு நூல் பிசிறு ஒட்டிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை சாரங்கன் சார் தூசு பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு அவர் அறைக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்து வைத்தேன். இரண்டு சீட்டையும் இரண்டு முறை படித்தார். பென்சிலைக் கையில் எடுத்தார். சீவாமல் கீழே வைத்தார்.

“இத நீங்க கிழிச்சுப் போட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதேம்மா.”

“ஆமா சார்.”

“எப்ப பாத்தீங்க?”

“வியாழக்கிழமை மதியம்.”

“இன்னிக்கு சனிக்கிழமை” என்றார். அவ்வளவுதான். என் வேலைக்காலத்தில் நான் வாங்கிய கண்டனங்களில் அதுதான் ஆகச் சிறியது. இன்றும் அதே எடையோடு இருக்கிறது.

ஜெயந்தியையும் தேவகியையும் அழைத்து அவரே விவரம் சொன்னார். “நான் சொன்னது தப்பும்மா. மன்னிச்சுக்கோங்க. உட்காருங்க” என்றார். தட்டச்சுப் பெண்களை அவர் உட்காரச் சொல்லி அன்றுதான் கேட்டேன். இருவருக்கும் உட்காரத் தெரியவில்லை. நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டார்கள். வெளியே வந்ததும் தேவகி ஜெயந்தியின் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். “அறிவுகெட்டவளே, நீயும்தான் சீட்டு குட்த்தியே, ஞாபகம் வெச்சிக்க மாட்டியா?” “நீ வெச்சிக்கினியா?” என்று இவள் திருப்பி அறைந்தாள். மதியம் குழம்பு மாறியது.

இன்சார்ஜ் உத்தரவு மேசைக்குள்ளேயே இருந்துவிட்டது. திங்கட்கிழமை முதல் நான் மீண்டும் கீபோர்டுக்கு வந்தேன். வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். “பூசைக்குக் குடுத்த பேர திருப்பி வாங்க முடியாது. அந்தப் பொண்ணு வேலை போகல இல்ல, அதுக்கு நன்றின்னு வெச்சிக்கறேன்” என்றார். அந்தப் பதவி எனக்கு வர அதற்குப் பிறகு நான்கு வருடம் ஆயிற்று. வந்தபோது பூசைக்குப் பெயர் கொடுக்க வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமையே ஷிப்டு முடிந்து, செருப்புப் பலகை அருகே ஜெயந்தி எனக்காக நின்றிருந்தாள். பூச்சரம் கையிலேயே இருந்தது.

“எப்போக்கா பாத்தீங்க, அந்தச் சீட்ட?”

“வியாழக்கிழமை.”

“எங்கக்கா வந்தது வெள்ளிக்கிழம.”

“ஆமா.”

“அவங்க கைல பாக்கறேன்னு சொன்னீங்களாமே.”

“சொன்னேன்.”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

அந்தக் கட்டு முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். யார் அடிப்பது என்று சாரங்கன் சார்தான் தீர்மானித்தார்: முதலில் ஜெயந்தி, இரண்டாவது நான். அவசரம் என்பதால் ஒரே ஷிப்டில், முதுகோடு முதுகாக நாற்காலி போட்டார்கள். கட்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, அவள் அடித்து முடித்த பகுதியை நான் அடிப்பேன். ஒன்பது வேலை நாள். அவளுடைய விசைச் சத்தம் மட்டும் என் முதுகுக்குப் பின்னால் கேட்கும். என்னைவிட வேகம், எங்கேயாவது நின்றால் அது எப்படிப்பட்ட அட்டை என்று நானே ஊகிக்கத் தொடங்கியிருந்தேன்.

ஒன்பதாம் நாள் முற்பகலில் சத்தம் நின்றது. வெகு நேரம் நின்றது. பிறகு நாற்காலி திரும்பும் ஓசை. ஓர் அட்டையின் நகல் என் தோளுக்கு மேலே நீண்டது.

“இது ஒண்ணா ஏழா?”

வாங்கிப் பார்த்தேன். ஒரு பெண்ணின் பிறந்த ஆண்டு. கூரையும் இருந்தது, நடுவில் கோடு போலவும் ஏதோ இருந்தது. கோடா, நகலெடுத்தபோது விழுந்த கறையா என்று சொல்ல முடியவில்லை. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

“தெரியல ஜெயந்தி.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சீட்டுப் புத்தகத்தை இழுத்து எழுதினாள். இருவரும் கையெழுத்துப் போட்டு முன்னறைக்கு அனுப்பினோம். ஃபேக்ஸ் போயிற்று.

அதற்கு இரண்டாம் நாள் பதில் வந்தது. முன்னறைப் பெண் கொண்டுவந்து ஜெயந்தியிடமே கொடுத்தாள். ஜெயந்தி எழுத்துக்கூட்டி ஒருமுறை படித்தாள். சந்தேகம் தீராமல் இன்னொரு முறை படித்தாள். அசல் அட்டையை எடுத்துப் பார்த்தார்களாம். அவர்களுக்கும் தெரியவில்லை. காலியாக விட்டுவிடுங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

“பாருக்கா” என்றாள் ஜெயந்தி. “எழுதுன ஊர்லயே தெரியலியாம்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் சிரிப்பு நின்றது.

“நீ அன்னிக்கே இப்டி தெரியலன்னு சொல்லியிருக்கலாம்க்கா.”

“ஆமா.”

“வியாழக்கிழமையே சொல்லியிருக்கலாம்.”

“ஆமா.”

இன்னும் ஏதோ சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அந்த அட்டையை அடித்து முடித்தாள். பிறகு அதை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். பெயர், ஊர், வார்டு எண் எல்லாம் அடித்தேன். பிறந்த ஆண்டுக்கு வந்ததும் ஒன்றும் அடிக்காமல் அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

அன்று மாலை இரண்டு கோப்புகளையும் ஒப்பிட்டார்கள். அந்த அட்டையில் வித்தியாசம் எதுவும் வரவில்லை.